உருண்டை இல்லாத குமிழி

குமிழியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் உடனே தத்துவம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், கல்யாணப் பந்தியில் எதிரே இருந்தவர், ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்றவர், எல்லாரும் ஒரே மாதிரி பெருமூச்சு விட்டு, "ஆமாம்மா, வாழ்க்கையே நீர்க்குமிழிதானே" என்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "என் குமிழி அப்படிப் பட்டுன்னு உடையாதுங்க, அதுக்கு ஓடு இருக்கு" என்று ஒருமுறை திருவையாறு பஸ்ஸில் ஒருவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார்.

இது நான் ஜெயித்த கதை. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்ன குமிழி என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உள்ளே வாயு, வெளியே மெல்லிய பாலிமர் ஓடு. ஒவ்வொன்றும் ரத்தத்தில் ஓடும் சிவப்பணுவைவிடச் சின்னது. லட்சக்கணக்கில் ஊசி வழியாக ரத்தத்தில் செலுத்திவிட்டு மேலே ஸ்கேன் கருவியை வைத்தால், ஒலி அலை பட்டதும் குமிழி அதிரும். அந்த அதிர்வு திரையில் வெள்ளையாகத் தெரியும். ரத்தம் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று டாக்டர் கண்ணால் பார்த்துவிடலாம். ஓட்டிலேயே மருந்தையும் ஏற்றி அனுப்பினால் இன்னும் நல்லது. போக வேண்டிய இடத்துக்குப் போனதும் ஒலியைக் கொஞ்சம் கூட்டினால் ஓடு உடையும், மருந்து அங்கேயே இறங்கும். உடம்பு முழுக்க மருந்தைக் கொட்டிவிட்டு முடியும் உதிர்ந்து வாந்தியும் எடுக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஈரலிலும் மண்ணீரலிலும் காவல் நிற்கிற செல்கள் இருக்கின்றன. மேக்ரோஃபேஜ் என்று பெயர். புதிதாக எது வந்தாலும் விழுங்கிவிடும். உருண்டைக் குமிழி என்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம். ஆனால் குமிழி நீளமாக இருந்தால் விழுங்க முடியாமல் திணறும். இட்லித் துண்டை வாயில் போட்டுக்கொள்வதற்கும் முருங்கைக்காயை முழுசாக விழுங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். மருந்தில்லாத வெறும் குமிழியை நீட்டிக் காட்டியவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். மருந்து ஏற்றிய குமிழியை நீட்ட வேண்டும் என்பது என் ஆசை. அதற்காக மயிலாடுதுறையில் ஒரு கல்லூரியில் பார்த்துக்கொண்டிருந்த நிரந்தர வேலையை, முப்பத்தாறாவது வயதில், யார் பேச்சையும் கேட்காமல் விட்டுவிட்டு வந்தேன்.

தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். எனக்கு வாய்த்த வழிகாட்டி என்னைவிட மூன்று வயது சின்னவர். அவர் என்னை 'மேடம்' என்பார், நான் அவரை 'சார்' என்பேன். வெளியாள் யாராவது அறைக்குள் வந்தால் யார் யாருக்கு வழிகாட்டி என்று புரியாமல் விழிப்பார்கள். பலர் என்னிடம்தான் முதலில் வணக்கம் சொல்வார்கள். நான் திருத்துவதில்லை.

குமிழியை நீட்டும் வேலை கேட்பதற்குச் சுலபம். பிவிஏ என்று ஒரு பசைப்பொருள் இருக்கிறது. வெந்நீரில் கரையும், காய்ந்தால் கண்ணாடித்தாள் போல ஆகும். குமிழிகளை அந்தக் கரைசலில் கலந்து தட்டில் ஊற்றிக் காய வைத்தால், குமிழிகள் உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு படலம் கிடைக்கும். அதன் இரண்டு முனைகளையும் பிடிப்பானில் மாட்டி, சூடு காட்டி, திருகாணியை மெல்லத் திருப்பி இழுக்க வேண்டும். படலம் நீளும்போது உள்ளே இருக்கிற குமிழியும் கூடவே நீளும். ஆறவிட்டு, படலத்தைத் தண்ணீரில் கரைத்தால் பசை போய்விடும், நீண்ட குமிழி மிஞ்சும். இழுக்கிற கருவியை ஒரு லேத் பட்டறையில் சொல்லிச் செய்தோம். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பட்டறைக்காரர், "எதுக்கும்மா இது, இடியாப்பம் பிழியவா?" என்று கேட்டார்.

வெற்றியா தோல்வியா என்று தெரிந்துகொள்ள மைக்ராஸ்கோப்கூட வேண்டாம். படலத்தைக் கரைத்த நீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். உள்ளே வாயு இருக்கிற குமிழி மேலே மிதந்து வெள்ளையாக ஆடை கட்டும். உடைந்த ஓடு அடியில் போய் உட்காரும். எங்கள் வீட்டில் விதைநெல்லைத் தண்ணீரில் கொட்டினால் மிதப்பது பதர், மூழ்குவது மணி. இங்கே தலைகீழ். இந்தத் தலைகீழுக்குப் பழக எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

பழகி என்ன புண்ணியம்? பதினான்கு மாதம் மூழ்கியதையே பார்த்தேன். வெறும் ஓடாக இருந்தால் கொஞ்சமாவது தப்பிக்கும், மேலே மெல்லிசாக ஒரு வெள்ளை தெரியும். மருந்து ஏற்றிய ஓடு ஒன்றுகூடத் தப்பாது. மொத்தமும் அடியில் போய் மண் மாதிரி படிந்துவிடும். வேகத்தைக் குறைத்தேன், சூட்டைக் கூட்டினேன், குறைத்தேன், ஓட்டைத் தடிமனாக்கினேன். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். அதே மண். குப்பியைச் சுவரில் விட்டெறியலாம் போல இருக்கும். ஒருமுறை எறிந்தும் இருக்கிறேன். பிறகு நானே குனிந்து சில்லுகளைப் பொறுக்கினேன்.

ஆடி மாதத்தில் ஆய்வுக் குழு கூடியது. வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். பாலிமர் துறையில் பெரிய ஆள், மெல்லிய குரல், பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். என் படங்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெறும் ஓடு நீளும் மேடம். மருந்து ஏத்துனா ஓடு விறைச்சுப் போயிடும். இழுத்தா உடையத்தான் செய்யும். இது உங்க தப்பு இல்ல, அதோட குணம்."

"நீங்க இழுத்துப் பாத்திருக்கீங்களா சார்?" என்றேன்.

மேஜைக்கு அடியில் என் வழிகாட்டியின் கால் என் காலை மிதித்தது. நிபுணர் கோபப்படவில்லை, சிரித்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். முடிவைக் குழுவின் குறிப்பேட்டில் அவரே தன் கையால் எழுதினார். வடிவம் பற்றிய பகுதியை நீக்கிவிட்டு, உருண்டைக் குமிழியோடு ஆய்வேட்டை முடிக்கலாம். தை மாதத்தில் ஒரு கடைசிக் கூட்டம் நடக்கும். அதற்குள் மருந்து ஏற்றிய நீண்ட குமிழியைக் காட்டினால் மறுபடி யோசிக்கலாம்.

உருண்டைக் குமிழி ஏற்கனவே விற்பனைக்கே வந்தாயிற்று. அதைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்குவதற்கு நான் எதற்கு வேலையை விட வேண்டும்? அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் விவசாயி. சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை நிலம் கொஞ்சம். "உருண்டையாவே எழுதிட்டு வந்துடேன், யாரு கேக்கப் போறா?" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. இந்தத் தப்பை வேறு ஊர்க்காரி செய்திருக்க மாட்டாள்.

காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஈரம் என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கும். வயலில் ஈரம் வேண்டும், அது வேறு. அறுத்த நெல்லில் ஈரம் கூடாது. கொள்முதல் நிலையத்தில் மீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். பதினேழு சதவீதத்துக்கு மேல் காட்டினால் மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்வார்கள். அப்புறம் ரோட்டில் கொட்டிக் கிளறி, மேகம் கறுத்தால் ஓடிப்போய்த் தார்ப்பாய் போட்டு மூடி, வெயில் வந்தால் மறுபடி விரித்து, வாரக்கணக்கில் அதன் காலடியிலேயே கிடக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து நான் இதைச் செய்திருக்கிறேன். காலால் அளைந்து நெல்லைத் திருப்பிவிட்டு, ஒன்றை எடுத்துக் கடித்து, 'டக்' என்று சத்தம் வந்தால்தான் மனசு ஆறும். எங்கள் வீட்டில் ஒரு பொருளைப் பாராட்டுவதென்றால் 'நல்லாக் காஞ்சிருக்கு' என்போம்.

இந்த மனசோடு நான் படலம் காய வைத்தேன். செய்முறையில் ஒரு நாள் என்று இருந்தால் நான் மூன்று நாள் வைப்பேன். அதற்குமேல் ஆய்வகத்து அடுப்புப் பெட்டியில் வைத்து இன்னும் ஒரு நாள். கரைசலில் கொஞ்சம் கிளிசரின் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். முதல் மாதம் சேர்த்துப் பார்த்தேன், படலம் பிசுபிசுவென்று இருந்தது. காயாத நெல்லைத் தொட்ட மாதிரி எனக்கு உடம்பு கூசியது. கிளிசரினை நிறுத்திவிட்டேன். அதற்கப்புறம் என் படலங்கள் அப்பளம் மாதிரி மொறமொறவென்று வந்தன. தட்டினால் சத்தம் கேட்கும். குறிப்பேட்டில் 'படலம் காய வைக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினேன். எத்தனை நாள் என்று எழுதத் தோன்றவில்லை. "படலம் காஞ்சுதா மேடம்?" என்று வழிகாட்டி கேட்டால், "சூப்பரா காஞ்சிருக்கு சார்" என்பேன், பெருமையாக.

குறுவை அறுவடை முடிந்து, விற்றது போக வீட்டுக்கென்று நாலு மூட்டை ஒதுக்கினோம். அதில் ஒரு மூட்டையைத் தீபாவளிப் பலகாரத்துக்குப் பச்சரிசியாக அரைக்க வேண்டும். காய வைக்கும் பொறுப்பு என்னுடையது. ஆராய்ச்சியில் இருந்த எரிச்சலையெல்லாம் அந்த நெல்மேல் காட்டினேன் என்று நினைக்கிறேன். புரட்டாசி வெயிலில் ஐந்து நாள் மொட்டை மாடியில் போட்டு வாட்டினேன். பிறகு லீவு போட்டுவிட்டுக் கணவரோடு மூட்டையை மில்லுக்கு எடுத்துப்போனேன்.

அரிசி வந்து விழுந்ததைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. பாதிக்குப் பாதி நொய். மில்காரர் என் வயதுக்காரர்தான், ஆனாலும் எங்கள் வழக்கப்படி அண்ணே.

"என்னண்ணே இது? அரிசியா, கோழிக்குப் போடற நொய்யா?"

"நெல்லு எப்படியோ அப்படித்தாங்க அரிசி."

"எங்க நெல்லுக்கு என்ன குறைச்சல்? ஒரு கருக்காய், ஒரு பதர் எடுங்க பாப்போம். உங்க மெஷின்ல ரப்பர் உருளை தேஞ்சிருக்கும்."

"ரப்பர் போன வாரந்தான் மாத்துனேன். உங்களுக்கு முன்னாடி அரைச்சவுங்க அரிசி அந்தா இருக்கு, போயிப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். முழு முழு அரிசி. கோபம் இன்னும் கூடிப்போய்த் திரும்பி வந்தேன். அவர் என் மூட்டையிலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளி உள்ளங்கையில் பரப்பிக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளு காய வெச்சீங்க?"

"அஞ்சு நாளு. நல்ல வெயில்ல."

"யாருங்க அஞ்சு நாளு வெக்கச் சொன்னது? விக்கிற நெல்லு காயணும், சரி. அரைக்கிற நெல்லு பதமால்ல இருக்கணும்." ஒரு நெல்லை நகத்தால் உரித்து, உள்ளே இருந்த அரிசியை வெளிச்சத்துக்குக் காட்டினார். குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு கோடு. "பாத்தீங்களா? வெடிப்பு உள்ளாறயே விழுந்துடுச்சு. எம் மெஷினு உடைக்கலீங்க. ஏற்கனவே உடைஞ்சதப் பிரிச்சுப் போடுது, அவ்வளவுதான்."

நான் அடுத்த சண்டைக்கு வாயைத் திறந்தவள், அப்படியே நின்றேன். இழுக்கும்போது உடைகிறது, இழுக்கும்போது உடைகிறது என்று பதினான்கு மாதமாகத் திருகாணியையும் சூட்டையும் மாற்றிக்கொண்டிருந்தேனே, இழுப்பதற்கு முன்னால் படலத்தை ஒரு தடவையாவது மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேனா?

"முறுக்குக்குத்தானே?" என்று கணவர் சமாதானம் சொன்னார். "எப்படியும் மாவாக்கத்தானே போற, நொய்யா இருந்தா என்ன, விடு."

"நீங்க மூட்டைய வீட்டுல எறக்கிடுங்க, நான் தஞ்சாவூர் போறேன்" என்றேன்.

"இப்பவா? தலையெல்லாம் தவிடா இருக்கு."

தலையில் தவிட்டோடுதான் பஸ் ஏறினேன். ஆய்வகத்தில் நுழைந்ததும் இழுக்காமல் மிச்சம் வைத்திருந்த படலத்தில் ஒரு துண்டை வெட்டி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன். குமிழிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, அத்தனையும் உருண்டையாக, அத்தனையிலும் விரிசல். மருந்து ஏற்றிய ஓடுகள் கொஞ்சம் விறைப்பானவை, நிபுணர் அதில் தப்பாகச் சொல்லவில்லை. காய்ந்து சுருங்கிய படலம் நெருக்கியபோது அவற்றால் வளைந்து கொடுக்க முடியவில்லை, அதனால் ஒன்று பாக்கியில்லாமல் விண்டிருந்தன. கருவியில் மாட்டுவதற்கு முன்பே செத்துப்போனவற்றை நான் இழுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முதலில் அழுகை வந்தது. பதினான்கு மாதத்தை நானே வெயிலில் காய வைத்துவிட்டேன். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தபோது வேறொன்று உறைத்தது. இது குமிழியின் குணம் இல்லை, என் குணம். குமிழியின் குணத்தை மாற்ற முடியாது. என்னுடையதை மாற்றலாம். உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

வழிகாட்டியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. இந்த மாதிரி விஷயத்தில் எனக்கு நாக்கு எழாது. குறிப்பேட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன்.

"கிளிசரின எப்ப நிறுத்துனீங்க மேடம்?"

"முதல் மாசமே, சார்."

"ஏன்?"

"பிசுபிசுன்னு இருந்துச்சு."

"அது பிசுபிசுன்னு இருக்கணும்னுதானே மேடம் போடறதே."

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். 'படலம் காய வைக்கப்பட்டது', 'படலம் காய வைக்கப்பட்டது' என்று என் கையெழுத்து பக்கத்துக்குப் பக்கம் இளித்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திருப்பித் திட்டவும் தயாராக இருந்தேன். அவரோ, "நானும் எத்தனை நாள்னு கேட்டிருக்கணும், கேக்கல. இதையும் தீஸிஸ்ல ஒரு அத்தியாயமா எழுதிடுங்க" என்றார்.

"எழுதணுமா சார்?"

"எழுதித்தான் ஆகணும்."

எழுதினேன். எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினேன்.

கிளிசரினைச் சேர்த்தோம். படலத்தைப் பதமாக வைத்திருக்க ஒரு வழி வேண்டியிருந்தது. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் வெளியே சொதசொதவென்று இருக்கும், மறுநாள் வெயில் சுரீரென்று அடிக்கும். அதற்கு ஒரு பழைய உபாயம் எல்லா ஆய்வகத்திலும் உண்டு. மூடி போட்ட பெட்டிக்குள் உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாக்கி வைத்தால், வெளியே என்ன நடந்தாலும் பெட்டிக்குள் காற்றின் ஈரம் ஒரே அளவில் நிற்கும். முதல் நாள் சுத்தமான உப்பு கைவசம் இல்லை, பொறுத்திருக்கவும் என்னால் முடியவில்லை. கேண்டீனில் வேதாரண்யத்துக் கல்லுப்பு வாங்கி வந்து இடித்துப் போட்டேன். படலத்தை உள்ளே தொங்கவிட்டேன். மறுநாள் எடுத்தபோது துணி மாதிரி மடங்கியது. தொட்டபோது எனக்குப் பழைய கூச்சம் வந்தது. இரு, பழகிக்கொள் என்று கையிடம் சொன்னேன்.

உடனே சரியாகிவிடவில்லை. ஈரம் கூடிப்போய்ப் படலம் தொய்ந்து அறுந்தது. கருவியை அடுப்புப் பெட்டிக்குள் வைத்துத்தான் இழுப்போம், அந்தச் சூட்டில் ஈரம் போய்விடுகிறது என்று தெரிந்து, உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தோம். சூட்டைக் குறைத்தோம். ஒவ்வொன்றையும் எத்தனை மணி, எத்தனை நிமிஷம் என்று குறிப்பேட்டில் பச்சைப் பிள்ளைக்கு மருந்து கொடுப்பது போல எழுதினேன். கார்த்திகையில் ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும், மருந்து ஏற்றிய குமிழிகளின் படலத்தை இழுத்து, கரைத்து, குப்பியில் ஊற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் குப்பியின் கழுத்தில் வெள்ளையாக, கெட்டியாக, பாலாடை மாதிரி ஒரு பட்டை. அடியில் ஒன்றுமே இல்லை.

ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். தட்டில் சிதறிய பொன்னி அரிசி போல ஒல்லி ஒல்லியாக, முனை மழுங்கி, உள்ளே காற்றோடு மினுங்கிக்கொண்டு, திரை முழுக்க நீண்ட குமிழிகள். நான் போட்ட கத்தலில் வழிகாட்டி எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று ஓடி வந்தார். அவரும் பார்த்தார். "மேடம்..." என்றார். அப்புறம் எங்கிருந்தோ ரெண்டு லட்டு கொண்டுவந்தார். அதைத் தின்றுகொண்டே முறை வைத்து முறை வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தையில் குழு கூடியது. பொங்கல் முடிந்த வாரம். அந்த வெளியூர் நிபுணர் வந்தார், அதே கண்ணாடி, அதே மெல்லிய குரல். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஆய்வகத்துக்கு யார் பட்டுப்புடவை கட்டுவார்கள் என்று மகள் கேட்டதற்கு, "ஜெயிக்கப் போறவ கட்டுவா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் வரும்போது சொன்னது அதிகப்படியோ என்று தோன்றியது.

முதலில் ஸ்கேன். உடம்புக்குப் பதிலாகக் கடற்பாசிக் கூழில் செய்த அகர் கட்டி, நடுவில் ரத்தக்குழாய்க்குப் பதிலாக ஒரு சின்னக் குழாய். தண்ணீர் ஓடும்போது திரையில் குழாய் கறுப்பாக இருந்தது. நீண்ட குமிழிகளை விட்டதும் குழாய் முழுக்க வெள்ளை பொங்கி ஓடியது. ஒலியைக் கூட்டினோம், வெள்ளை அணைந்தது, ஓடுகள் உடைந்து மருந்து நீரில் இறங்கியதை வேறொரு கருவி காட்டியது. நிபுணர் தலையசைத்தார். "இது உருண்டையும் செய்யும் மேடம். நீட்டுனதால என்ன லாபம்? அதைச் சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன் சார். நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றேன். வழிகாட்டியின் கால் இந்த முறை சும்மா இருந்தது.

விழுங்குகிற செல்களை எட்டுத் தட்டுகளில் வளர்த்திருந்தோம். நாலில் உருண்டைக் குமிழி, நாலில் நீண்ட குமிழி, இரண்டிலும் ஒரே மருந்து. எது எது என்று பெயர் ஒட்டவில்லை, எண் மட்டும் போட்டிருந்தோம். செல்கள் தின்று முடித்த பிறகு மிச்சமான குமிழிகளைக் கழுவி எடுத்துவிட்டோம், வயிற்றுக்குள் போனது மட்டும் தெரியும். எந்தத் தட்டில் எது என்பதை வழிகாட்டி ஒரு தாளில் எழுதி உறையில் ஒட்டி மேஜைமேல் வைத்திருந்தார். எனக்கும் தெரியாது. நிபுணர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். ஒவ்வொரு தட்டாக நகர்த்தினார். ஐந்தாவது தட்டில் நெடுநேரம் நின்றார். பிறகு பழையபடி முதல் தட்டுக்குப் போய் எல்லாவற்றையும் இன்னொரு தடவை பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து தட்டுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து வைத்தார்.

"இந்த நாலும் வயிறு முட்டத் தின்னிருக்கு. இந்த நாலும் கிட்டத்தட்ட பட்டினி."

உறையை அவரே பிரித்தார். படித்தார். தட்டுகளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். பட்டினி கிடந்த நாலும் நீண்ட குமிழியின் தட்டுகள்.

அதன்பின் குழுவின் பழைய குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, ஆடி மாதத்துப் பக்கத்தைத் திருப்பி, தான் எழுதிய வரியின்மேல் நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். கீழே எழுதிவிட்டு என்னிடம் நீட்டினார். வடிவம் பற்றிய பகுதியே ஆய்வேட்டின் மையமாக இருக்க வேண்டும், என் முந்தைய கருத்து தவறு என்று இருந்தது, கையெழுத்தோடு. "நான் இழுத்துப் பாக்கல மேடம். நீங்க இழுத்துப் பாத்தீங்க" என்றார். அவ்வளவு பெரிய மனிதர் அதைச் சொன்னபோது என் கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. நன்றி சார் என்பதை மூன்று தடவை தப்பும் தவறுமாகச் சொன்னேன்.

வராந்தாவுக்கு வந்து கணவருக்குப் போன் போட்டேன். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. பனி உலர்ந்த பிறகுதான் அறுப்பு மெஷின் வயலில் இறங்கும், பொழுது சாய்வதற்குள் முடித்தாக வேண்டும், அதனால் அந்த நேரத்தில் அவர் போனை எடுப்பதே அபூர்வம். எடுத்தார். மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"நீளமாவே எழுதலாம்னு ஒத்துக்கிட்டாங்க!" என்று கத்தினேன்.

"என்ன? கேக்கல!"

"ஒத்துக்கிட்டாங்க! எழுதிக் குடுத்துட்டாங்க!"

பக்கத்து அறைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. நான் கவலைப்படவில்லை. மறுமுனையில் அவர் யாரிடமோ, "நிறுத்து, நிறுத்துப்பா, மெஷின நிறுத்து" என்று கூவுவது கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எதற்காகவும் அவர் அறுப்பை நடுவில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. சத்தம் படிப்படியாக இறங்கி ஓய்ந்தது. வயலில் காற்று வீசுவது மட்டும் போனில் கேட்டது.

"இப்பச் சொல்லு" என்றார்.

சொன்னேன்.

"இன்னொரு தடவ சொல்லு, இங்க எல்லாரும் கேக்கட்டும்" என்று போனை ஸ்பீக்கரில் போட்டார்.